அறுபது ஆம்பியர் தேவையில்லை

அன்புள்ள தி. நகர் வாசகருக்கு,

உங்கள் நான்கு பக்கக் கடிதமும் கூடவே வைத்திருந்த புகைப்படமும் கிடைத்தன. படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டை மாடி அறையில் ஒரு சின்ன மில்லிங் மெஷின். மூன்று அச்சிலும் கைப்பிடிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பழைய இயந்திரங்களிலிருந்து எடுத்த டிசி சர்வோ மோட்டார்களைப் பொருத்தியிருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற பிறகு, யாரும் சொல்லித் தராமல், பித்தளைத் தகட்டில் தமிழ் எழுத்து வெட்ட வேண்டும் என்ற ஒரே ஆசையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அந்தப் பெல்ட் புல்லிகளை நீங்களே லேத்தில் கடைந்தீர்கள் என்று படித்ததும் உங்கள் மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

இப்போது நீங்கள் நிற்கும் இடம் பவர் சப்ளை. மோட்டார் தகட்டில் தொடர் ஓட்டத்துக்கு 5 ஆம்பியர், உச்சம் 20 ஆம்பியர் என்று இருக்கிறது. மூன்று மோட்டாருக்கும் உச்சத்தைக் கூட்டி 60 ஆம்பியர் என்று வைத்தீர்கள். 60 வோல்ட்டால் பெருக்கி 3600 வாட் என்றீர்கள். அதைப் பார்த்துப் பயந்து, வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் இணைப்பு வாங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். உங்கள் சமையலறை மிக்ஸி 750 வாட் இழுக்கும். உங்கள் மூன்று மோட்டாரும் சேர்ந்து வேலை செய்யும்போது சராசரியாக அதில் பாதிகூட இழுக்காது. 500 விஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போதும். எப்படி என்று கணக்கோடு சொல்கிறேன். நீங்களும் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள்.

தகட்டில் இருப்பது மோட்டாரின் கம்பிச் சுருளில் ஓடும் ஆம்பியர். பவர் சப்ளையிலிருந்து டிரைவ் எடுக்கும் ஆம்பியர் வேறு. நடுவில் இருக்கும் டிரைவ் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அது கிட்டத்தட்ட வண்டியின் கியர் பெட்டி மாதிரி. முதல் கியரில் என்ஜின் லேசாகச் சுற்ற, சக்கரம் மெதுவாகவும் பலமாகவும் தள்ளும். அதேபோல டிரைவ், சப்ளை பக்கம் அதிக வோல்ட்டில் கொஞ்சம் ஆம்பியர் வாங்கி, மோட்டார் பக்கம் குறைந்த வோல்ட்டில் நிறைய ஆம்பியர் கொடுக்கிறது. இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டியது வாட். ஆம்பியரை ஆம்பியரோடு கூட்டினால் கணக்கு பொய்த்துவிடும்.

மோட்டாருக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்பதற்கு இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். இரண்டையும் உங்கள் மேசையிலேயே அளந்துவிடலாம். முதல் எண், அது சுற்றும்போது தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம். மோட்டாரின் தண்டை டிரில்லிங் மெஷினில் பிடித்து 1000 ஆர்பிஎம்மில் சுற்றவிட்டு, மோட்டார் வயர்களில் மல்டிமீட்டரை வையுங்கள். உங்கள் மோட்டார் வகைக்கு ஏறக்குறைய 12 வோல்ட் காட்டும். இரண்டாவது எண், சுருளின் தடை. சின்னத் தடையை மல்டிமீட்டரின் ஓம் அளவில் பார்க்காதீர்கள், அங்கே அது சரியாகச் சொல்லாது. தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு பெஞ்ச் சப்ளையிலிருந்து சரியாக 1 ஆம்பியர் செலுத்தி, முனைகளில் வோல்ட்டைப் பாருங்கள். 0.6 வோல்ட் வந்தால் தடை 0.6 ஓம்.

இப்போது வெட்டும் வேளையை எடுத்துக்கொள்வோம். பால் ஸ்க்ரூ சுற்றுக்கு 5 மிமீ நகர்கிறது, பெல்ட் 2:1 என்று எழுதியிருக்கிறீர்கள். பித்தளையில் நிமிடத்துக்கு 600 மிமீ வேகத்தில் வெட்டினால் ஸ்க்ரூ 120 ஆர்பிஎம், மோட்டார் 240 ஆர்பிஎம். எதிர் மின்னழுத்தம் 2.9 வோல்ட். 3 ஆம்பியர் ஓடினால் தடையில் இழப்பது 1.8 வோல்ட். மொத்தம் 4.7 வோல்ட், அதை 3 ஆம்பியரால் பெருக்கினால் 14 வாட். 57 வோல்ட் சப்ளையிலிருந்து (ஏன் 57 என்று பின்னால் சொல்கிறேன்) அந்த 14 வாட்டை எடுக்க கால் ஆம்பியர் போதும்! அந்த 3 ஆம்பியர் சின்ன விஷயம் என்றும் நினைத்துவிடாதீர்கள். பெல்ட்டும் ஸ்க்ரூவும் சேர்ந்து அதைப் பெருக்கி, உங்கள் மேசையை எண்பது கிலோ எடைக்கு நிகரான விசையோடு தள்ளும். எழுத்து வெட்ட அதில் கால்வாசியே ஏராளம்.

சப்ளைக்கு உண்மையான சோதனை, வெட்டாமல் வேகமாக நகர்த்தும்போதுதான். மோட்டாரை 3000 ஆர்பிஎம் வரை விடுவோம். மேசை நிமிடத்துக்கு 7.5 மீட்டர் ஓடும், 300 மிமீ தூரத்தை இரண்டரை வினாடிக்குள் கடந்துவிடும். மாடி அறை மெஷினுக்கு இதற்கு மேல் வேகம் எதற்கு? டிரைவில் உள்ள சிறு திருகைத் திருப்பி ஆம்பியர் வரம்பை 10-ல் நிறுத்திவிடுங்கள். உச்ச வேகத்தை எட்டும் கணத்தில் எதிர் மின்னழுத்தம் 36 வோல்ட், தடையில் 6 வோல்ட், ஆக 42. அதை 10 ஆம்பியரால் பெருக்க 420 வாட். இரண்டு அச்சும் ஒன்றாகப் பாய்ந்தால் 840 வாட். ஆனால் அது நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே. வேகம் பிடித்துவிட்டால் உராய்வுக்கு மட்டும் 2 ஆம்பியர் போகும், அச்சுக்கு 75 வாட்டுக்குள் அடங்கிவிடும். மூன்று மோட்டாரும் தங்கள் முழுத் திறனில் தொடர்ந்து ஓடினால்கூட 585 வாட்தான் வரும், அப்படி ஒரு வேலை எந்த மில்லிங் மெஷினிலும் நடப்பதில்லை. அதில் பாதி, 300 வாட், தொடர்ச்சியாகக் கொடுக்க முடிந்தால் போதும்.

300 வாட்டுக்கு ஏன் 500 விஏ என்று அடுத்துக் கேட்பீர்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பிரிட்ஜ் வழியாகக் கெபாசிட்டருக்கு மின்சாரம் ஒரே சீராகப் போவதில்லை. நம் தெருக் குழாயில் தண்ணீர் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை கொஞ்ச நேரம் வரும். அதற்குள் சம்ப்பை நிரப்பிக்கொள்ள வேண்டும், மீதி நேரமெல்லாம் தொட்டியிலிருந்துதான் புழக்கம். இங்கே நொடிக்கு 100 தடவை தண்ணீர் வருகிறது, ஒவ்வொரு தடவையும் அலையின் உச்சியில் ஒரு கணம் மட்டும். அந்தக் கணத்தில் பெரிய வெள்ளமாகப் பாய்வதால் சுருள் கூடுதலாகச் சூடாகும். சராசரி டிசி ஆம்பியரைப்போல ஏறக்குறைய 1.7 மடங்கு சுருளில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 300 வாட்டுக்கு 5.3 ஆம்பியர் டிசி, சுருளில் 9 ஆம்பியர். 42 வோல்ட் சுருள் என்றால் 378 விஏ. 500 எடுத்தால் மாடி அறையின் சூட்டுக்கும் இடம் இருக்கும்.

தொட்டி எவ்வளவு பெரிது? அமெரிக்கக் குறிப்புகளில் ஒரு சூத்திரம் பார்த்திருப்பீர்கள்: 80,000-ஐ ஆம்பியரால் பெருக்கி வோல்ட்டால் வகுத்தால் மைக்ரோஃபாரட். அது அவர்களுடைய 60 ஹெர்ட்ஸுக்கு. அங்கே ஒரு நிரப்பலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 8.3 மில்லிநொடி. நம்முடையது 50 ஹெர்ட்ஸ், இடைவெளி 10 மில்லிநொடி. ஆகவே நம் எண் 80,000 இல்லை, 1,00,000. உங்களுக்குக் கொஞ்சம் தாராளமாக 8 ஆம்பியர், 57 வோல்ட் என்று வைத்தால் 14,000 மைக்ரோஃபாரட். 10,000 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் கெபாசிட்டர் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டு 20,000 ஆக்கிக்கொள்ளுங்கள். அதிகப்படியான அந்த 6,000 எதற்கு என்பது கொஞ்சம் கழித்துத் தெரியும்.

இனி வோல்ட். இந்தக் கடிதத்தில் நான் மிகவும் அக்கறையோடு சொல்ல நினைப்பது இதைத்தான், ஏனென்றால் இதற்கு நானே விலை கொடுத்திருக்கிறேன்.

உங்கள் டிரைவ் 80 வோல்ட் வரை தாங்கும். என் முதல் மெஷினிலும் அப்படிப்பட்ட டிரைவ்தான். 48 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். 48-ஐ 1.414-ஆல் பெருக்கி டயோடுகளுக்கு 2 வோல்ட் கழித்தால் 66, 80-க்கு வெகு கீழே என்று நிம்மதியாக இருந்தேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் ஒரு மே மாதப் பகலில் அளந்தேன். பிளக்கில் 225, டிசி பக்கம் 69. மூன்று மாதம் நன்றாக ஓடியது. மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவு, மணி ஒன்றுக்கு மேல், தெருவில் ஒரு ஏசிகூட ஓடவில்லை. பிளக்கில் 248 இருந்தது, அதை நான் பிறகுதான் அளந்தேன். சுமை இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் தன் தகட்டில் போட்டிருப்பதைவிட நூற்றுக்கு ஆறு பங்கு உயர்ந்து நிற்கும். இரண்டும் சேர்ந்து டிசி பக்கம் 76. மேசையை ஓட விட்டு, சட்டென்று திசை மாற்றச் சொன்னேன். டப் என்று ஒரு சத்தம், அறை முழுக்கக் கருகல் வாடை. இரண்டு மாதச் சேமிப்பில் வாங்கிய டிரைவ் போய்விட்டது.

திசை மாற்றியதும் ஏன் போயிற்று? சர்வோ என்ற சொல் லத்தீனில் அடிமை என்ற பொருளிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஜோசஃப் ஃபார்கோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் நீராவிக் கப்பலின் சுக்கானைத் திருப்பும் கருவிக்கு அந்தப் பெயரை வைத்தார். ஏவியதைச் செய்தே தீர வேண்டிய பணியாள். நில் என்றால் நிற்க வேண்டும். ஆனால் சுற்றிக்கொண்டிருந்த ரோட்டரின் சக்தி எங்கே போவது? மோட்டார் அந்தக் கணம் டைனமோவாகி, டிரைவ் வழியாகக் கெபாசிட்டருக்கே திருப்பிக் கொடுக்கிறது. பிரிட்ஜைத் தாண்டி மெயின்ஸுக்குத் திரும்ப வழியில்லை. தொட்டி மட்டம் உயர்கிறது. 80-ஐத் தாண்டியதும் டிரைவ் வெடிக்கிறது.

இந்தச் சக்தி எங்கே இருக்கிறது என்று கேட்டால், அநேகமாக எல்லாரும் கனமான மேசையைக் காட்டுவார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 25 கிலோ மேசை நிமிடத்துக்கு 7.5 மீட்டர் ஓடும்போது அதில் இருப்பது 0.2 ஜூல். உள்ளங்கையில் அடங்கும் ரோட்டர், அதன் நிலைமத் திருப்புத்திறன் 0.0001 கிலோகிராம் சதுரமீட்டர் என்று வைத்தால், 3000 ஆர்பிஎம்மில் 5 ஜூல் வைத்திருக்கும். இருபத்தைந்து மடங்கு. என் மெஷினில் 10,000 மைக்ரோஃபாரட் தொட்டி, மட்டம் ஏற்கெனவே 76. அதை 82-க்கு ஏற்ற 4.7 ஜூல் போதும். ஒரே ஒரு மோட்டார் நின்றது, காரியம் முடிந்தது.

அதனால் வோல்ட் கணக்கை 230-லிருந்து போடாதீர்கள். நள்ளிரவு உச்சத்திலிருந்து கீழே வந்து போடுங்கள். 42 வோல்ட் சுருள் எடுத்துக்கொள்வோம்; 1.414-ஆல் பெருக்கி 2 கழித்தால், இதுவரை கணக்கில் வைத்திருந்த 57. பிளக்கில் 250, சுமையே இல்லை என்றாலும் டிசி பக்கம் 67. அங்கிருந்து 78 வரை உயர 20,000 மைக்ரோஃபாரட் 16 ஜூல் வாங்கிக்கொள்ளும். இரண்டு மோட்டார் ஒன்றாக நின்றால் 10 ஜூல், அதிலும் கொஞ்சம் சுருளிலேயே சூடாகிப் போய்விடும். அதிகப்படி கெபாசிட்டர் எதற்கென்று இப்போது புரிந்திருக்கும்.

மறு முனையையும் பார்த்துவிட வேண்டும். கோடை மாலை ஏழு மணி, ஊரெல்லாம் ஏசி, பிளக்கில் 205, முழுச் சுமை. டிசி 51, அலையின் பள்ளத்தில் 46. உச்ச வேகத்தில் மோட்டாருக்கு வேண்டியது 42. நிற்கிறது. 42 வோல்ட் சுருளை நான் தேர்ந்தெடுத்தது இந்த இரண்டு முனையும் ஒரே சமயத்தில் ஒத்துவருவதால்தான். உங்கள் மோட்டாரை அளந்தபோது 12-க்குப் பதில் 15 வோல்ட் வந்தால், டிரான்ஸ்ஃபார்மரை உயர்த்தாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். 2400 ஆர்பிஎம்மில் அதே 36 வோல்ட் வந்துவிடும்.

ஸ்டெபிலைசர் வைத்தால் நள்ளிரவுப் பிரச்சினை தீராதா என்று கேட்பீர்கள். வீட்டு ஸ்டெபிலைசர் ரிலேயால் படிப்படியாக மாறும், மாறும் கணத்தில் ஒரு வெட்டு விழும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதைவிட, டிமர்ஸ்டாட் வைத்து 230-ஐக் குறைத்து நேராக பிரிட்ஜில் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதில் இரண்டு தனிச் சுருள் கிடையாது. மெஷினின் இரும்பு உடம்பு மெயின்ஸோடு நேரடியாகச் சேர்ந்துவிடும். அதைத் தொடுவது உங்கள் கை.

எஸ்எம்பிஎஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 48 வோல்ட் 10 ஆம்பியர் பெட்டி எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, ஸ்டெப்பர் மோட்டாருக்கு நல்லது. சர்வோ திருப்பிக் கொடுக்கும்போது அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், பாதி எழுத்தில் மெஷின் நின்றுபோகும். கட்டாயம் அதுதான் என்றால் வெளியே வரும் வழியில் ஒரு பெரிய டயோடு, அதற்குப் பிறகு கெபாசிட்டர் என்று வைக்க வேண்டும். உங்களுக்கு நான் டிரான்ஸ்ஃபார்மரையே சொல்வேன். ஒரு கண நேர 840 வாட்டை அது சத்தமில்லாமல் தாங்கும்.

வாங்கும் விஷயம். தி. நகரிலிருந்து அண்ணா சாலை வந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றிலும் கடைகள். ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலும் பூட்டியிருக்கும். பிரிட்ஜ் 35 ஆம்பியர், 400 வோல்ட் கேளுங்கள், அலுமினியத் தகட்டில் திருகி வையுங்கள். கெபாசிட்டரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பழைய இயந்திரத்தில் கழற்றிய பெரிய டப்பாக்கள் மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். உள்ளே எத்தனை வருடம் வறண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புதிதாக, 105 டிகிரி என்று அச்சிட்டதை வாங்குங்கள். 10 டிகிரி சூடு கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. அக்கினி நட்சத்திரத்தில் உங்கள் மாடி அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: கடல் காற்றில் திருகு முனைகள் பச்சை பூத்துவிடும், வருடம் ஒரு முறை கழற்றித் துடைத்து இறுக்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மரைக் கிண்டிப் பக்கம் சுற்றித் தருபவரிடம் சொல்லிச் செய்யுங்கள். “500 விஏ டொராய்டு, முதல் சுருள் 230, இரண்டாவது 42 வோல்ட் 12 ஆம்பியர்” என்று எழுதியே கொடுங்கள். நான்கைந்து கிலோ இருக்கும், பையின் கைப்பிடியைச் சரிபார்த்துக்கொண்டு போங்கள்.

அதைப் பெட்டியில் பொருத்தும்போது ஒரு கவனம். டொராய்டின் நடுவே போகும் போல்ட்டின் கீழ் முனை பெட்டியின் அடியைத் தொடும். மேல் முனை பெட்டி மூடியையும் தொட்டுவிட்டால், போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஒரே சுற்றுள்ள சுருளாகிவிடும். ஷார்ட் ஆன சுருள். ஃபியூஸ் போகும், அல்லது போல்ட் பழுக்கும். மேலே இடைவெளி விடுங்கள். இன்னொன்று, டொராய்டு சுவிட்ச் போட்ட கணத்தில் நிறைய இழுக்கும், வீட்டு எம்சிபி விழும். அந்த முதல் இழுப்பை அடக்க, பிளக் பக்கம் ஒரு என்டிசி தெர்மிஸ்டர் வையுங்கள், அந்த லைனுக்கு சி வகை எம்சிபி போடச் சொல்லுங்கள். முதல் சுருளில் 3 ஆம்பியர் ஸ்லோ புளோ ஃபியூஸ். எர்த் வயர் பெட்டிக்கும் மெஷின் உடம்புக்கும் தனித்தனியாக.

அவசர நிறுத்த பட்டனை டிசி பக்கம் வைக்காதீர்கள். மோட்டார் ஓடும்போது டிரைவையும் கெபாசிட்டரையும் பிரித்துவிட்டால், திரும்பி வரும் சக்திக்குத் தொட்டியே இல்லாமல் போகும். என் வீட்டில் நடந்ததே உங்கள் வீட்டிலும் நடக்கும். பட்டன் ஏசி பக்கம் வெட்டட்டும், கூடவே டிரைவின் எனேபிள் வயரையும் வெட்டட்டும்.

கெபாசிட்டர் முனைகளுக்கு நடுவே 1 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த இரண்டு டப்பாக்களில் 45 ஜூல் உட்கார்ந்திருக்கும். ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் முனை உருகி ஒட்டிக்கொள்ளும். ரெசிஸ்டர் இருந்தால் ஒரு நிமிடத்தில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். வந்துவிட்டதா என்பதை மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். ரெசிஸ்டரும் ஒரு நாள் அறுந்துபோகக் கூடிய பொருள்தான்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். மாடி அறைப் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்து, மாலை ஏழு மணிக்கும் இரவு ஒன்றரை மணிக்கும் என்ன காட்டுகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் போட்ட 205-உம் 250-உம் எங்கள் தெருவை மனதில் வைத்துப் போட்டவை. உங்கள் தெருவில் இரவு 255 வந்தால் 42-க்குப் பதில் 40 வோல்ட் சுற்றச் சொல்வோம். அந்தப் பதினான்கு எண்களையும், மூன்று மோட்டாரிலும் 1000 ஆர்பிஎம்மில் வந்த வோல்ட்டையும் எழுதி அனுப்புங்கள். உங்கள் கடிதம் வரும்வரை டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து